அன்னபேதி அக்கா

செடி வைத்திருக்கிற வீட்டுக்கு அந்த அக்காவைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. வீட்டுக்காரர்கள் 'வாங்க' என்று சொல்லி முடிப்பதற்குள் செடிப் பக்கம் போய்விடுவார். இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பார். பார்த்ததும் மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவார். இதெல்லாம் தெரியாமல், கல்யாணமாகி கோரிப்பாளையத்துக்கு வந்த புதிதில் ஒரு சாயங்காலம், ஆபீஸ் முடிந்ததும் டீ குடிக்க வாங்கக்கா என்று வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டேன்.

என் மாமியார் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து, "வாங்கம்மா" என்றார். அக்கா அவரைத் தாண்டிப் போய், முற்றத்து மூலையில் நின்ற கறிவேப்பிலைக் கன்றின் முன்னால் குனிந்தார்.

"இம்புட்டு நாளாப் பட்டினி போட்டு வச்சிருக்கீங்களே" என்றார்.

மாமி ஆடிப்போனார். புதுசாக வந்த மருமகள் ஆபீசில் போய் என்னத்தைச் சொல்லி வைத்தாளோ என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். "நான் ஆரைப் பட்டினி போட்டேன்? ஆக்கி ஆக்கிப் போட்டு எங் கையிதான் தேஞ்சு போச்சு" என்றார்.

"செடியைச் சொல்றேங்க. கொழுந்தைப் பாருங்க, எப்பிடி வெளுத்திருக்கு. நரம்பு மட்டும் பச்சையா நிக்குது. இந்தச் சுவத்துக்கு எப்ப வெள்ளையடிச்சீங்க?"

"பெருநாளைக்குத்தான். வருசா வருசம் அடிக்கிறதுதானே."

"மிச்சச் சுண்ணாம்புத் தண்ணியை எங்க ஊத்துவீங்க?"

மாமி செடியின் தூரைப் பார்த்தார். வருஷா வருஷம் அங்கேதான் ஊற்றியிருக்கிறார். எறும்பு அண்டாது என்று அவருக்கு யாரோ சொன்னது. போதாததற்கு முட்டை ஓடு வேறு நொறுக்கிப் போட்டிருந்தார்.

"மண்ணுல இரும்புச்சத்து இல்லாம இல்ல, இருக்கு. சுண்ணாம்பு அதைக் கெட்டியாப் பிடிச்சு வச்சிருக்கு. வேரு இழுத்தா வராது. நாட்டுமருந்துக் கடையில அன்னபேதின்னு கேளுங்க, பச்சையா உப்பு மாதிரி குடுப்பான், இரும்பு உப்புதான் அது. ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு டீஸ்பூன். அதுல எலுமிச்சம்பழம் கொஞ்சம் பிழிஞ்சுக்கங்க. வெயில் தாழ இலை மேல தெளிங்க. வேரை விட்டுருங்க, இலையே குடிச்சுக்கிரும்."

சொல்லிவிட்டுத்தான் டீயைக் கையில் வாங்கினார். அது ஆறிப்போயிருந்தது. கொஞ்ச நாளில் கறிவேப்பிலை கருகருவென்று துளிர்த்தது. அதிலிருந்து மாமி என்னிடம், "எங்கடி உங்க அன்னபேதி, ஆளையே காணோம்?" என்று கேட்கத் தொடங்கினார். நான் இதைப் போய் ஆபீசில் சொல்ல, அங்கேயும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அக்காவுக்கும் தெரியும். கோபித்துக்கொண்டதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நான் மண் பரிசோதனை நிலையம் ஒன்றில் டைப்பிஸ்டாக இருந்தேன். அக்கா அங்கே லேப் அசிஸ்டென்ட். நாற்பது தாண்டியவர், கல்யாணம் ஆகவில்லை. உயரமான, ஒல்லியான உடம்பு. மண்ணைத் தேய்த்துத் தேய்த்து வலது கட்டைவிரல் ரேகையில் ஒரு செம்மண் கறை நிரந்தரமாக இருந்தது.

விவசாயிகள் மஞ்சள் பையில் மண் கொண்டுவருவார்கள். வயல்காட்டில் பல இடத்தில் ஆங்கில 'வி' எழுத்து மாதிரி குழி வெட்டி, ஓரமாகச் சீவி எடுத்து, எல்லாவற்றையும் கலந்து, அதில் ஒரு படி கொண்டுவர வேண்டும் என்று நோட்டீசே அச்சடித்துக் கொடுத்திருந்தோம். யார் கேட்டார்கள்? ஆபீசில் மண்ணைக் காட்டுவதைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பெண்ணைக் காட்டுகிற மாதிரி நினைத்தார்கள். எருக்குழி ஓரத்து மண்ணாகப் பார்த்து, கல் பொறுக்கி, சலித்து, சில பேர் அதற்கு மேல் இரண்டு கை தொழுஉரமும் கலந்து கொண்டுவருவார்கள். நம்ம மண் நாலு பேர் முன்னால் தலைகுனியக் கூடாதல்லவா.

அக்கா பையைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்ப்பார். மோந்து பார்ப்பார். "அண்ணே, மண்ணுக்குப் பவுடர் போட்டுக் கூட்டியாந்திருக்கீங்க. முகம் கழுவிட்டுக் கொண்டாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒருவரையும் விட்டதில்லை. ஆண்டிப்பட்டிப் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவரைக்கூடத் திருப்பி அனுப்பியிருக்கிறார். "பாவம்க்கா, வாங்கி வச்சுக்கலாம்ல" என்றால், "இல்லாததை இருக்குன்னு எழுதிக் குடுத்தா அந்தாளு வீட்டுக்குப் போயி எதையும் போட மாட்டாரு. செடிதான் சாகும். அது பாவம் இல்லையா?" என்பார்.

எல்லோரும் அவருக்கு அண்ணே. விவசாயி, பஸ் கண்டக்டர், டீக்கடைக்காரர், தன்னைவிடப் பத்து வயது சின்ன பியூன், எல்லோரும். மதுரையில் யார் யாரைத்தான் அண்ணே என்று கூப்பிடுவதில்லை? நானும் அதைக் கவனித்ததே இல்லை. ஒரு ஆளை மட்டும் அவர் அப்படிக் கூப்பிடவில்லை என்று தெரிந்தபோதுதான் கவனித்தேன்.

அதைச் சொல்வதற்கு முன்னால் அக்காவின் மொட்டைமாடியைச் சொல்ல வேண்டும்.

மகாலுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர்கள் வீடு. சௌராஷ்டிரர்கள். அப்பா ஒரு காலத்தில் சாயப்பட்டறை வைத்திருந்தவர். "கறுப்புச் சாயம் பிடிக்க எங்கப்பா போட்டதும் அன்னபேதிதான். நான் அதைச் செடிக்குக் குடுக்கிறேன்" என்று அக்கா சிரிப்பார். அம்மா முன்னமே போய்விட்டார். கூடப் பிறந்தவர்கள் இல்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அதோடு இன்னொன்றும் நடந்தது. வாழ்நாளெல்லாம் மதுரைக் கடைத்தெருவில் தமிழ் பேசியே வியாபாரம் செய்த மனிதருக்குத் தமிழ் முழுக்க மறந்துபோயிற்று. வீட்டுப் பாஷை மட்டும், அதுவும் குழறிக் குழறி, கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அக்கா ஆபீஸ் வந்துவிட்டால் பக்கத்து வீட்டில் தறி போட்டிருந்த ஒரு அம்மாள், அவர்களும் அதே ஆட்கள்தான், எட்டிப் பார்த்து அவர் கேட்டதைக் கொடுப்பார்.

மாடியில் பெயிண்ட் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் கழுவின வைகை மணல், ஒரு தக்காளிச் செடி. அழகான தோட்டமாக்கும் என்று ஏறிப் போனவள் திகைத்துவிட்டேன். ஒன்றைத் தவிர எல்லாமே நோயாளி. ஒன்று அடியிலிருந்து மஞ்சள். ஒன்று குட்டையாக நின்று இலையெல்லாம் ஊதா ஓடியிருந்தது. ஒன்றுக்கு இலை ஓரம் நெருப்பில் காட்டின மாதிரி. ஒன்றுக்குத் தலை மட்டும் வெளுப்பு.

"மணல்ல ஒண்ணும் கிடையாது. நான் கலந்து ஊத்துறதுதான் அதுக்குச் சாப்பாடு. இதுக்குத் தழைச்சத்து மட்டும் நிறுத்திட்டேன். இதுக்கு மணிச்சத்து. இதுக்குச் சாம்பல்சத்து. அந்தா வெளுத்து நிக்குதே, அதுக்கு இரும்பு" என்று அறிமுகம் செய்து வைத்தார்.

"இது பாவம் இல்லையாக்கா?"

"என்ன இல்லேன்னா எப்பிடி இருக்கும்னு பாத்துப் பழகுனாத்தானே சொல்ல முடியும்? எல்லாரும் மண்ணு சோறு போடுதுன்னு நினைக்கிறாங்க. சோத்தை இலைதான் ஆக்குது, வெயிலை வச்சு. மண்ணு குடுக்கிறது உப்பும் புளியும்தான். ஆனா உப்பு இல்லாம ஒருவாய் இறங்குமா? எது குறையுதோ அதுதான் செடி வளர விடாது. மத்ததை மூட்டை மூட்டையாக் கொட்டுனாலும் நகராது."

நன்றாக இருந்த ஒரே செடியைக் காட்டி, "இது?" என்றேன்.

"இதுக்கு எல்லாம் குடுக்கிறேன். இதுல பாக்க ஒண்ணும் இல்ல" என்று தாண்டிப் போய்விட்டார்.

அடியிலை பழுத்தால் ஒன்று, நுனி வெளுத்தால் வேறொன்று என்று எப்படிப் பிரிப்பது என்று கேட்டேன். "தழைச்சத்து ஓடியாடும். பத்தலேன்னா செடி கிழட்டு இலையில இருந்து உருவிக் கொழுந்துக்குக் குடுத்துரும். அதான் அடியிலை முதல்ல பழுக்கும். இரும்பு அப்பிடி இல்ல. ஒரு இலைக்குப் போச்சுன்னா அங்கயே உக்காந்துரும். நீ தலைகீழா நின்னாலும் எந்திரிச்சு வராது" என்றார். கீழே அப்பா ஏதோ குரல் கொடுத்தார். அக்கா அவர்கள் பாஷையில் ஏதோ பதில் சொல்லிக்கொண்டே படியில் இறங்கினார். அந்தக் குரல் ஆபீஸ் குரலே இல்லை. அத்தனை சின்னப் பிள்ளைக் குரல். அந்த வீட்டைவிட்டு வெளியே வந்தால் அக்காவுக்கு அந்தக் குரலில் பேச இந்த ஊரில் வேறு ஆள் கிடையாது என்று எனக்குத் தோன்றியது.

அக்கா அண்ணே என்று கூப்பிடாத அந்த ஆள் திருவாதவூர்ப் பக்கமிருந்து வந்தார். ஐம்பது வயதுக்கு மேல், நரைத்த மீசை, டி.வி.எஸ். ஐம்பது வண்டி. மல்லிகைத் தோட்டம் வைத்திருந்தார். முதல் நாள் மண்ணோடு நாலு கொப்பும் ஒடித்து, ஈரத்துணியில் சுற்றி, கைப்பிள்ளை மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார். கொழுந்தெல்லாம் வெளுத்துக் கிடந்தது.

"யூரியா வச்சேன் மேடம். எங்க ஊர்ல அம்புட்டுப் பேரும் வைய்யி வைய்யின்னாங்க. மறுக்கா வச்சேன். வெளுத்துக்கிட்டேதான் போகுது."

அக்கா மண்ணைத் தேய்த்தார், மோந்தார். கொஞ்சம் எடுத்து அதில் அமிலம் ஒரு சொட்டு விட்டார். பொசுபொசுவென்று நுரைத்தது. பவுடர் போடாத மண். அக்கா முகத்தில் ஒரு மரியாதை வந்ததைப் பார்த்தேன்.

"நல்ல சுண்ணாம்பு மண்ணு. இரும்பு உங்க மண்ணுல நிறைய இருக்குங்க. செடிக்கு எட்டல."

அவர் யோசித்தார். "இருந்தும் எட்டலேன்னா, அது இல்லாத கணக்குத்தானேம்மா" என்றார்.

அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். ஒரு விவசாயியின் முகத்தை அவர் பார்த்து நான் பார்த்ததில்லை. பைதான் அவர் பார்க்கிற இடம்.

அன்னபேதியும் எலுமிச்சம்பழமும் சொல்லி அனுப்பினார். அடுத்த மாதம் அவர் ஒரு பெரிய பந்து மல்லிகைச் சரத்தோடு வந்தார். ஆபீஸ் பெண்கள் எல்லோரும் பிய்த்துக்கொண்டோம். அக்கா ஒரு மொட்டை எடுத்து உருட்டிப் பார்த்து, "நல்லாப் பருத்திருக்கு" என்றார். அவர் இன்னொரு பை மண்ணும் கொண்டுவந்திருந்தார். கிழக்குப் பக்கத்துக் காடு என்றார். அதற்கடுத்து கிணற்று மேட்டு மண். அதற்கடுத்து பங்காளி தோட்டத்து மண். வந்தால் உடனே போக மாட்டார். வேப்பமர நிழலில் உட்கார்ந்திருப்பார். அக்கா மண்ணை உலர்த்துவதையும் சலிப்பதையும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்போதுதான் கவனித்தேன். அக்கா அவரை அண்ணே என்பதில்லை. "வாங்க" என்பார். "இருங்க" என்பார். "தண்ணி குடிக்கிறீங்களா?" என்பார். அதற்கு மேல் ஒரு உறவுச் சொல்லும் கிடையாது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஜாதி இல்லை. மத்தியானச் சாப்பாட்டில் கேட்டுவிட்டேன்.

"அக்கா, அந்தக் கிணத்து மேட்டு மண்ணும் கிழக்குக் காட்டு மண்ணும் ஒண்ணு மாதிரியே இருக்கேக்கா."

"ஒண்ணு மாதிரி இல்ல. ஒண்ணுதான்."

"தெரியுமா?"

"ரெண்டாவது பையிலயே தெரியும். அதே ஓட்டாஞ்சல்லி, அதே நத்தைக் கூடு" என்றார். தலையைத் தூக்கவில்லை. டப்பாவில் முள்ளுமுருங்கை அடை இருந்தது. அதை மிகச் சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

பவுடர் போட்ட மண் ஒன்றைக்கூட மேஜையைத் தாண்ட விடாதவர், ஒரே மண்ணை மாதாமாதம் வாங்கி, உலர்த்தி, சலித்து, கரைத்து, புது மண் மாதிரி சோதித்துக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

கொஞ்ச நாள் கழித்து அந்தத் திருவாதவூர்க்காரர் என்னை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார்.

"ஏத்தா, அந்த மேடத்துக்கு வீட்ல ஆரு இருக்கா?"

சொன்னேன்.

"எனக்கும் வீட்ல ஆரும் இல்ல. பொண்டாட்டி செத்து வருசமாச்சு. மகளைப் பேரையூர்ல குடுத்துட்டேன். ரெண்டு பேருக்கும் சாதி வேற, பேச்சு வேற. ஊரு நாலு விதமாத்தான் பேசும், பேசட்டும். அவுகளுக்குச் சம்மதமான்னு நீ ஒரு வார்த்தை கேளு. அப்பாவையும் கூட்டியாரட்டும், நான் தூக்கி எடுத்துப் பாத்துக்கிறேன். இல்லேன்னு சொன்னா வருத்தமில்ல, இந்தப் பக்கமே வர மாட்டேன்."

இதை அப்படியே அக்காவிடம் ஒப்பித்தேன். ஒரு சொல் விடவில்லை. அக்காவின் முகம் சிவந்து, பிறகு மெல்ல வடிந்தது.

"எங்கப்பா தண்ணி கேப்பாரு. எங்க பாஷையில கேப்பாரு. நான் இங்க ஆபீசுக்கு வந்துட்டா, அந்த ஊர்ல அது தண்ணின்னு ஆருக்குத் தெரியும்?"

"அப்பிடின்னா இப்ப வேணாம்க்கா. அப்பா காலம் வரைக்கும் பொறுங்கன்னு சொல்றேன். அவரு காத்திருப்பாரு."

"அவரு காத்திருப்பாரு. அப்ப நானும் காத்திருக்கணும்ல? எதுக்குன்னு யோசிச்சுப் பாரு." என் கையைப் பிடித்தார். "சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறக்கும்போதெல்லாம் இன்னைக்காவதுன்னு மனசு பாக்கும். பெத்த அப்பனை அப்பிடிப் பாக்க வேணாம்."

நீ எதுவும் சொல்லாதே, நானே சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

அடுத்த தடவை அவர் வந்தபோது அறையில் எல்லோரும் இருந்தோம். அக்கா பையை வாங்கினார். திறந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்தார். குரல் நடுங்கவே இல்லை.

"அண்ணே, இது போன தடவை கொண்டாந்த மண்ணு. அதுக்கு முந்தி கொண்டாந்ததும் இதேதான். உங்க மண்ணைப் பத்திச் சொல்ல வேண்டியது அம்புட்டும் சொல்லிட்டேன். இனிமே கொண்டார வேணாம்ணே."

எங்கள் பக்கத்தில் மனதில் ஒருவரை வைத்துக்கொண்டு வாயால் அண்ணே என்று கூப்பிட மாட்டார்கள். நாலு பேர் முன்னால் கூப்பிட்டுவிட்டால் பேச்சு முடிந்தது. அவருக்கும் அது தெரியும். பையின் வாயைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டார். "சரிம்மா" என்றார். வண்டி கிளம்ப வெகுநேரம் ஆனது. மிதித்து மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்த சத்தம் உள்ளே கேட்டது. அக்கா அடுத்த பையை எடுத்துவிட்டார்.

அந்தக் கார்த்திகையிலேயே அக்காவின் அப்பா இறந்துபோனார். ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. எனக்கு ஆண்டவன் மேலேயே கோபம் வந்தது. இதை முன்னமே செய்திருக்கக் கூடாதா, அல்லது இன்னும் பத்து வருஷம் கழித்துச் செய்திருக்கக் கூடாதா? திருவாதவூருக்குச் சொல்லி அனுப்பவா என்று கேட்டேன். அக்கா தலையை ஆட்டி வேண்டாம் என்றுவிட்டார்.

அந்த ஒரு வருஷம் அவர் பேச்சே குறைந்துபோனது. முன்பெல்லாம் சாயங்காலம் ஐந்து மணி ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். இப்போது எல்லோரும் போன பிறகும் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருப்பார். நான் ஒருநாள் மாடிக்குப் போனேன். தக்காளிச் செடிகள் எல்லாம் காய்ந்திருந்தன, அந்த நல்ல செடியும் சேர்த்து. "எதுக்கும் எதுவும் குடுக்கலையாக்கா?" என்றேன். "மறந்துபோச்சு" என்றார். பக்கத்து வீட்டுத் தறிக்கார அம்மாள் மகனோடு சூரத்துக்குப் போய்விட்டார். "வீட்டுல வாயைத் திறந்து பேசி எம்புட்டு நாளாச்சுன்னு தெரியல. நேத்து பால்காரன்கிட்டே தெரியாம எங்க பாஷையில பேசிட்டேன். அவன் முழிச்சான்" என்று சொல்லிச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

மறு கார்த்திகையில் வருஷத் திவசம் முடிந்தது. மார்கழியில் ஒருநாள் எல்லோரும் போன பிறகு அக்கா என் டைப்ரைட்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"அவருக்குச் சொல்லி அனுப்புறியா?"

"என்னன்னுக்கா?"

"அப்பா போயிட்டாருன்னு. அது மட்டும் போதும்."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கோரிப்பாளையம் தர்கா வாசலில் பூ விற்கிற அண்ணனுக்கு அவர் தோட்டத்துப் பூதான் வரும். ஒரு நடை வந்து என்னைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று அவரிடம் சொல்லி அனுப்பினேன். இரண்டாம் நாள் காலையில் அவரே பூக்கடைக்கு வந்து எனக்காக நின்றார். கேட்டுவிட்டுக் கண் கலங்கினார். வருஷம் திரும்பிவிட்டதா என்று விசாரித்தார். ஆகிவிட்டது என்றேன். "பொங்கலுக்கு முன்னாடி நானே வீட்டுக்கு நேர்ல வாரேன்னு சொல்லு தாயி" என்றார். நான் ஓட்டமும் நடையுமாகப் போய் அக்காவிடம் சொன்னேன். மார்கழியில் நல்ல பேச்சு எடுக்க மாட்டார்கள், முதலில் வந்து பார்த்துவிட்டுத் தை பிறந்ததும் பேச்சை எடுப்பார் என்று நானாகவே அர்த்தமும் சொன்னேன். அடுத்த தடவை வீட்டுக்குப் போனபோது அக்கா மாடியில் மறுபடி மணல் கழுவிப் போட்டிருந்தார்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, துணைக்கு நீயும் வந்து இரு என்று என்னைக் கூப்பிட்டார். அரக்குக் கலரில் ஒரு சுங்குடிச் சேலை கட்டியிருந்தார். தலையில் மல்லிகை. "ஜாஸ்தியா இருக்கா?" என்று கேட்டு, நான் இல்லையென்று சொன்ன பிறகும் பாதியைக் கிள்ளி எடுத்தார். வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்.

வண்டிச் சத்தம் சந்துக்குள் வந்தது. நான்தான் முதலில் எட்டிப் பார்த்தேன்.

வண்டியின் பக்கவாட்டில் நீளமாக ஒரு கட்டுக் கரும்பு கட்டியிருந்தது. முன்னால் பச்சரிசிச் சிப்பம், வெல்லம், தேங்காய், இலையோடு மஞ்சள் கொத்து, தட்டில் ஒரு சேலை. எங்கள் வீட்டில் பொங்கல் கிடையாது. ஆனால் எங்கள் தெருவில் தை பிறக்கும் முன்னால் எந்தெந்த வீட்டுக்கு யார் இதைக் கொண்டுவருவார்கள் என்று எனக்குத் தெரியும். வாழப்போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் தம்பி கொண்டுவருகிற பொங்கல்படி அது. பெண் கேட்டு வருகிறவன் கொண்டுவருவது இல்லை. எனக்கு அந்தக் கரும்பில் ஒன்றை உருவி அவர் தலையிலேயே போடலாம் போலிருந்தது.

அவர் எல்லாவற்றையும் நடுவீட்டில் இறக்கி வைத்தார். அப்பா படத்தைக் கும்பிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பா போனது எனக்குத் தெரியாமப் போச்சு தங்கச்சி. தெரிஞ்சிருந்தா தூக்குறதுக்கு நான் ஒரு தோள் குடுத்திருப்பேன்ல. அன்னைக்கு நீ அத்தனை பேரு முன்னாடி அண்ணேன்னு கூப்பிட்டப்ப எனக்கு வெக்கமாத்தான் இருந்துச்சு. வீட்டுக்குப் போயி ராவெல்லாம் யோசிச்சேன். கேட்ட வாயிதான் தப்பு, கூப்பிட்ட வாயி சரின்னு மனசுக்குப் பட்டுச்சு. எனக்கும் கூடப் பொறந்தது ஆரும் இல்ல. உனக்கு ஆரும் இல்லேன்னு இனிமே ஒருத்தரும் சொல்லிறக் கூடாது. நான் இருக்கிற வரைக்கும் தை பொறந்தா எம் படி உனக்கு வந்துரும்."

அக்காவைப் பார்த்தேன். சொல்லுங்கக்கா, என்று மனசுக்குள் கத்தினேன். என் மாமியார் முகத்துக்கு நேராகப் பட்டினி போட்டீங்களே என்று கேட்ட வாய் அது. மேஜைக்கு வந்த எந்த மண்ணிடமும் எது குறை என்று சொல்லத் தயங்காத வாய். அக்கா உதட்டைத் திறந்தார். அந்த மனிதர் கண்ணில் தண்ணீரோடு, ஒரு களங்கமும் இல்லாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா குனிந்து மஞ்சள் கொத்தை எடுத்தார். ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தார்.

"ஓரம் கருகியிருக்கு. சாம்பல்சத்துப் போதல" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "வாங்கண்ணே, உக்காருங்க. டீ போடுறேன்" என்றார்.

அவர் டீ குடித்தார். வாசல் தாழ்வாரத்தில் ஓடு விலகியிருப்பதைப் பார்த்து, ஆள் அனுப்புகிறேன் என்றார். மகளுக்குப் பிள்ளை பிறந்திருப்பதைச் சொன்னார். "வாரேன் தங்கச்சி" என்று கிளம்பினார். அக்கா சந்து முனை வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

வந்ததும் கதவில் சாய்ந்து நின்றுகொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "நான் வேணும்னா போய்ச் சொல்றேன்க்கா, இன்னும் பாலம் தாண்டியிருக்க மாட்டாரு" என்றேன்.

"வேணாம். நல்ல மனுஷன்" என்றார். தலையிலிருந்த பூவை எடுத்து அப்பா படத்துக்கு வைத்தார். "கொஞ்சம் நல்லவரா இல்லாம இருந்திருந்தா, இன்னைக்கு வேற மாதிரி வந்திருப்பாரு."

பிறகு நடுவீட்டில் கிடந்த கரும்புக் கட்டைப் பார்த்தார். ஒரு குடும்பத்துக்கு வேண்டிய கரும்பு. கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்து என் பக்கமாக நகர்த்தத் தொடங்கினார்.

"கொண்டு போயி மாமிக்குக் குடு, தெருப் பிள்ளைகளுக்குக் குடு. ஒரு ஆளு எம்புட்டுக் கரும்பைத்தான் கடிக்கிறது?"